"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொன்ன பிறகு

கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு வயது 66. மார்பகப் புற்று முதுகெலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவிவிட்டது. மார்பில் ஆறாத புண் இருக்கிறது. "இனி ஒண்ணுஞ் செய்யதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். யாரோ 'ஹாஸ்பிஸ்' என்றார்களாம். அது என்ன, எங்கே இருக்கிறது, 'மார்பின்' என்ற வலி மருந்தைக் கொடுத்தால் உயிர் போய்விடுமா, சாப்பிடாத ஆளுக்கு குளுக்கோஸ் ஏற்ற வேண்டாமா, சென்னையிலிருக்கும் அண்ணன் ஐ.சி.யு.வில் சேர்க்கச் சொல்கிறாரே, என்ன செய்ய? இவ்வளவும் கேள்வி.

முதலில் அந்த "ஒண்ணுஞ் செய்யதுக்கில்ல" என்பதைத் திருத்திவிடுகிறேன். புற்றைக் குறைக்கும் மருந்துதான் தீர்ந்திருக்கிறது. வலி, மூச்சுத்திணறல், புண் வாடை, வாந்தி, மலச்சிக்கல், தூக்கமின்மை ஒவ்வொன்றுக்கும் மருந்து உண்டு, செய்முறை உண்டு. அதைச் செய்வதுதான் ஹாஸ்பிஸ். 1967-ல் லண்டனில் இதற்கென்றே ஒரு இல்லம் தொடங்கிய பிறகு பரவிய மருத்துவமுறை இது. ஆனால் ஹாஸ்பிஸ் என்றால் ஒரு கட்டடம் என்று தேடிக்கொண்டு அலைய வேண்டாம். நம் பக்கத்தில் பெரும்பாலோருக்கு வீடுதான் ஹாஸ்பிஸ். அரசு இதை 'நோய் ஆதரவு சிகிச்சை' என்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் செவிலியர் சேவையும் சேர்ந்திருக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், "ஆதரவு சிகிச்சைக்குப் பேர் பதியணும்" என்று நேராகவே கேளுங்கள். வழி தெரியாவிட்டால் அரசின் மருத்துவ உதவி எண் 104-க்குப் போன் செய்யலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கும் ஒருமுறை போய்வர வேண்டியிருக்கும். திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையத்தில் பார்த்தவர்கள் என்றால், வலி மருந்து விவரத்தோடு ஒரு கடிதத்தை அங்கிருந்தே வாங்கி வந்துவிடுங்கள். மாத்திரைக்காக மாதாமாதம் 150 கிலோமீட்டர் அலைவது நடக்கிற காரியமில்லை.

போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு (முக்கியமாக, சிறுநீரகம் எப்படி வேலைசெய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின்), ஆதார், குடும்ப அட்டை, இப்போது கொடுக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். மூன்று கேள்விக்குப் பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள். வலி மருந்தை இனி யார் எழுதித் தருவார்கள்? ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது என்றால் எந்த நம்பருக்குப் பேசுவது? வீட்டுக்கு யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்கள்?

இனி மார்பின். இந்தப் பேரைக் கேட்டாலே வீட்டில் பாதிப்பேர் "அது கடைசி மருந்துல்லா" என்பார்கள். அப்படியில்லை. எலும்புக்குப் பரவிய வலிக்கு உலகம் முழுக்கக் கொடுக்கும் மருந்து அது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டு நடமாடுகிறவர்கள் உண்டு. சாதாரண மெடிக்கல் கடையில் பெரும்பாலும் கிடைக்காது. போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, இதற்கென அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இருப்பு வைத்துக் கொடுக்க முடிகிறது. அதனால் "கடையில இல்ல" என்பதை "எங்கேயும் இல்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் கணக்கு புரிந்திருந்தால் தப்பு நடக்காது. சாதாரண மார்பின் மாத்திரை வேலைசெய்யத் தொடங்க அரை மணி நேரம் ஆகும், நாலு மணி நேரம் நிற்கும். வயதானவருக்குப் பெரும்பாலும் 10 மி.கி. மாத்திரையில் பாதி, அதாவது 5 மி.கி.யில் தொடங்குவார்கள், மெலிந்தவர்களுக்கு இன்னும் குறைவாகவும் இருக்கும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். இரவு 10 மணிக்கு இரட்டை அளவு எழுதியிருந்தால் பயப்படாதீர்கள். 2 மணிக்கு எழுப்ப வேண்டாம் என்பதற்காகத்தான். இடையில் வலி குத்தினால் ஒரு வேளைக்கான அளவைக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று எழுதித் தருவார்கள். அப்படிக் கொடுத்ததையெல்லாம் ஒரு நோட்டில் மணியோடு குறியுங்கள். ஒரு நாளில் மூன்று நாலு தடவை கூடுதல் தேவைப்பட்டால் அடிப்படை அளவு போதவில்லை என்று அர்த்தம். மருத்துவர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் கூட்டுவார்.

வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு, "வலிச்சாக் குடுப்போம்" என்று காத்திருப்பது. வலி ஏறியபின் கொடுத்தால் அதை இறக்குவதற்கு இன்னும் அதிக மருந்து வேண்டியிருக்கும். அம்மா "இப்ப வலி இல்ல" என்று சொன்னால், மருந்து வேலைசெய்கிறது என்று பொருள். அந்த வேளை மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அடுத்த தப்பு, மலமிளக்கியை விட்டுவிடுவது. மார்பின் தொடங்கிய முதல் நாளிலிருந்தே அது கூடவே வர வேண்டும். வாந்தியும் மயக்கமும் மூன்று நாலு நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகவே பழகாது. ராத்திரி பிசாகோடில் 5 மி.கி. ஒன்றோ இரண்டோ எழுதுவார்கள். இசப்கோல் வேண்டாம், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் ஆளுக்கு அது குடலிலேயே இறுகிப்போகும். மூன்று நாள் போகவில்லை என்றால் செவிலியரிடம் சொல்லுங்கள். அடைத்துக்கொண்டிருக்கும் மலத்தைச் சுற்றித் தண்ணியாகக் கசிவதைப் பார்த்து, "வயித்தால போகுது" என்று நிறுத்து மாத்திரை கொடுத்துவிடுவதும் நடக்கிறது. கெட்டியாக எதுவுமே வராமல் கசிவு மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

மருந்து கூடிப்போனால் எப்படித் தெரியும்? கூப்பிட்டாலும் உலுக்கினாலும் கண் திறக்காத தூக்கம், ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி, நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே இறங்கிய மூச்சு. இந்த மூன்றும் சேர்ந்தால் அடுத்த வேளையை நிறுத்தி உடனே போன் செய்யுங்கள். கைகால் திடீர் திடீரென்று துள்ளினால் சிறுநீரகம் மருந்தை வெளியேற்றவில்லை என்று கருதலாம். அதற்காகத்தான் கிரியாட்டினின் சீட்டைக் கொண்டுபோகச் சொன்னேன். சரியான அளவில், படிப்படியாகக் கூட்டிய மார்பின் யாரையும் கொல்வதில்லை. மெதுவாகக் கரைந்து 12 மணி நேரம் நிற்கும் மார்பின் மாத்திரையை உடைத்துக் கொடுப்பதுதான் ஆபத்து, மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை கொடுத்திருந்தால் 72 மணி நேரத்துக்கு ஒன்று. அதன்மேல் சூடு ஒத்தடம் கூடவே கூடாது. மாத்திரைகளைப் பீரோவில் பூட்டி வையுங்கள். தெருமுனை கிளினிக்கில் தினம் ஒரு வலி ஊசி போட்டுக்கொள்வதை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். டைக்லோஃபெனாக் போன்ற ஊசிகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை யாரும் வந்து போடவும் போவதில்லை.

வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று முடிவானாலும் சிலவற்றுக்கு ஆஸ்பத்திரி போகத்தான் வேண்டும். அம்மாவுக்கு முதுகெலும்பில் பரவியிருப்பதால் இதைக் கவனமாகக் கேளுங்கள்: முதுகுவலி திடீரென்று கூடுவது, கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் வராமல் நிற்பது. தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறிகள் இவை. அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். காலில் பலம் இருக்கும்போதே ஸ்டீராய்டும் கதிர்வீச்சும் கொடுத்தால் நடையைக் காப்பாற்றலாம். முழுக்க விழுந்துவிட்டால் திரும்புவது அரிது. அதேபோல் ஓரிடத்து எலும்புவலிக்கு 8 கிரே அளவில் ஒரே ஒரு தடவை கதிர்வீச்சு போதும். பலன் தெரியச் சில வாரமாகும் என்பதால் இப்போதே கேட்க வேண்டிய காரியம் அது. நெஞ்சில் நீர் கோத்து மூச்சு வாங்கினால் அதை வடித்து எடுக்கலாம்.

படுக்கையை எங்கே போடுவது? உள்ளறை மூலையில் ஒதுக்காதீர்கள். காற்று வரும், ஆள் நடமாட்டம் தெரியும் நடுவீட்டில் போடுங்கள். பனைநார்க் கட்டிலும் கயிற்றுக் கட்டிலும் நடுவில் தொய்வதால் இடுப்பெலும்பு அழுந்திப் புண் வரும், புரட்டவும் முடியாது. பலகைக் கட்டில், உங்கள் இடுப்பு உயரத்துக்கு. காலுக்கடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள், இல்லையென்றால் பத்தாம் நாளில் உங்கள் முதுகு போய்விடும். மாறிமாறிக் காற்று ஏறும் படுக்கை நல்லது, ஆனால் கரண்ட் போனால் சப்பிவிடும். எந்தப் படுக்கையானாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டத்தான் வேண்டும்.

புரட்டும் விதம்: ஒரு பழைய பருத்திப் போர்வையை நான்காக மடித்து, தோள் முதல் தொடை வரை வரும்படி அடியில் விரித்துவையுங்கள். ஆளைப் பிடித்து இழுத்தால் தோல் உரியும். இரண்டு பேராக அந்தப் போர்வையைப் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம். முதுகுக்குப் பின்னால் தலையணை செருகி, பாதிச் சாய்வில் நிறுத்தினால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. குதிகால் எதிலும் படாதபடி கெண்டைக்கால் அடியில் சுருட்டிய துணி. வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அமுக்கி எடுத்தும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது. அங்கே தேய்க்கவே கூடாது, அழுத்தம் விடுபட வேண்டும்.

மார்புப் புண்ணின் வாடைதான் அம்மாவை மனதளவில் முடக்கிப்போடும். பேரன் பக்கத்தில் வர மறுத்தால் அந்தத் தாய்க்கு அதைவிட வேறு வலி வேண்டாம். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். பழைய கட்டுத்துணியைப் பிய்க்காமல் அந்த நீரை ஊற்றி ஊறவிட்டு எடுங்கள். காய்ந்ததை இழுத்தால் ரத்தம் கொட்டும். கழுவியபின் மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்துத் தூவலாம், செவிலியர் அளவைக் காட்டுவார். வாடையை உண்டாக்கும் கிருமிகளை அது கொல்லும். மேலே துவைத்து மடித்து, குக்கரில் ஆவிகட்டி உலர்த்திய பழைய வேட்டித்துணி. ஈ அண்டாமல் பகலிலும் கொசுவலை. புண்ணிலிருந்து திடீரென ரத்தம் பீறிட்டால் அழுத்திப்பிடிக்க அடர்சிவப்போ கறுப்போ நிறத்தில் இரண்டு மூன்று துண்டுகளைத் தலைமாட்டில் வையுங்கள். வெள்ளைத் துண்டில் ரத்தம் பத்து மடங்காகத் தெரியும், அதைப் பார்த்தே அம்மா மிரண்டுபோவார்.

மூச்சு வாங்கும்போது படுக்கவைக்காதீர்கள். உட்காரவைத்து, முன்னால் ஒரு ஸ்டூலில் தலையணை போட்டு அதன்மேல் கையூன்றிச் சாயவிடுங்கள். மேசை மின்விசிறி முகத்துக்கு நேரே இருக்கட்டும். கன்னத்தில் காற்று படுவதே திணறலைக் குறைக்கும். குறைந்த அளவு மார்பின் இதற்கும் மருந்து. ஆக்சிஜன் அளவு சரியாக இருப்பவருக்கு ஆக்சிஜன் இயந்திரத்தால் பெரிய பலன் இல்லை.

இனி சோறு. "பெத்தவளப் பட்டினி போட்டுக் கொல்லுதியா?" என்று பெரியம்மா கேட்பார். உங்களைக் குத்துவதற்காக அவர் கேட்கவில்லை; நம் ஊரில் பிரியத்தைக் காட்டும் வழியே ஊட்டிவிடுவதுதான். ஆனால் அவருக்கு இதைச் சொல்லுங்கள்: சாப்பிடாததால் உடம்பு அடங்கவில்லை, உடம்பு அடங்குவதால்தான் பசி இல்லை. கேட்கும்போது, கேட்டதை, இரண்டு கரண்டி. நீத்த கஞ்சி, நுங்கு, பருவமென்றால் ஒரு மிடறு பதநீர், எதுவானாலும் சரி. நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுக் குனியவைத்து ஊட்டி, அரை மணி நேரம் அப்படியே இருக்கவிடுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் இருமினால் நிறுத்திவிடுங்கள், நுரையீரலுக்குப் போகிறது.

"ஒரு பாட்டில் ஏத்துனாத் தெம்பு வந்துரும்லா?" வராது. அரை லிட்டர் பாட்டில் ஐந்து சதவீத குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. வாந்தியால் வறண்டுபோனவருக்குச் சில நாள் திரவம் உதவும், அது வேறு. கடைசி நாட்களில் இதயமும் சிறுநீரகமும் தளர்ந்திருக்கும்போது ஏற்றும் நீர் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும்தான் சேரும். தாகம் என்பது அப்போது வாய் வறட்சி. ஒரு லிட்டர் ஆறிய நீரில் உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன் கலந்து, மெல்லிய துணியை விரலில் சுற்றி நனைத்து, நாக்கு, கன்ன உட்புறம், ஈறு என்று இரண்டு மணிக்கொரு தரம் துடையுங்கள். உதட்டில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி வீட்டில் இருக்கும். பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நம்மைக் காப்பாற்றத்தான் தெரியாததுபோல் இருப்பார்கள். "ஒனக்கு என்ன தெரிஞ்சிக்கிடணும்மா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள், பொய் சொல்லாதீர்கள்.

கடைசி நாட்கள் எப்படி வரும் என்பதை வீட்டில் எல்லோருக்கும் முன்னமே சொல்லிவையுங்கள். நாளில் பெரும்பகுதி தூக்கம். விழுங்க முடியாது. சிறுநீர் குறைந்து கறுக்கும். பாதம் சில்லிட்டு, தோலில் திட்டுத்திட்டாக நீலம் படரும். மூச்சு வேகமாகி, அடங்கி, இருபது முப்பது நொடி நின்று, மறுபடி வரும். தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம். கேட்பவர்களுக்குக் கொடுமையாக இருக்கும், ஆனால் நினைவு மங்கிய அவருக்கு அது திணறல் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். ஹையோசின் ஊசியை ஆரம்பத்திலேயே போட்டால் சளி மேலும் ஊறாது. குழாய் விட்டு உறிஞ்ச வேண்டாம், இன்னும் ஊறும். மாத்திரை விழுங்க முடியாத நிலையில் வலி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். தோலுக்கடியில் மெல்லிய ஊசி ஒன்றைப் பொருத்தி, அதன்வழியே மருந்தைச் செலுத்த செவிலியர் சொல்லித்தருவார். அந்த மருந்துகள் முன்கூட்டியே வீட்டில் இருக்க வேண்டும்.

பால் ஊற்றுவது நம் வழக்கம். அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் விழுங்க முடியாதவர் வாயில் சங்கிலோ கரண்டியிலோ ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கிப் புரையேறும். பஞ்சைப் பாலில் நனைத்து, பிழிந்து, உதட்டில் ஒற்றுங்கள். தாமிரபரணித் தண்ணீரோ துளசித் தீர்த்தமோ, அதுவும் அப்படியே. வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பஞ்சால்தான் கொடுக்க வேண்டும் என்று பெரியம்மாவையே பார்த்துக்கொள்ளச் சொன்னால் அவருக்கும் மனசு ஆறும். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். "இழுத்துக்கிட்டுக் கிடக்கா, தலைக்கு எண்ணெ தேச்சி ஊத்தி, எளநி குடுத்துருங்க" என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று பேர் வைத்திருக்கும் அது கொலை. இழுத்துக்கொண்டு கிடப்பதாகத் தெரியும் வேதனைக்கு மருந்து இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

உயிர் பிரிந்ததும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்த இயற்கை மரணத்துக்குப் போலீஸோ பிரேதப் பரிசோதனையோ தேவையில்லை. பார்த்துவந்த மருத்துவரிடம் மரணத்தின் காரணம் எழுதும் படிவம் 4ஏ வாங்குங்கள். கிராமம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருடம் தாண்டினால் அதிகாரி உத்தரவு என்று இழுக்கும். மீந்த மார்பினை எண்ணி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக்கொடுத்துவிடுங்கள்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். ஐ.சி.யு. என்பது, சரியாகக்கூடிய ஒரு கோளாறு சரியாகும்வரை உயிரைத் தாங்கிப்பிடிக்கும் இடம். பரவிய புற்றுக்கு அங்கே மருந்து இல்லை. தொண்டையில் குழாய், கையில் கட்டு, பார்க்க ஒரு நாளில் சில நிமிடம், இதுதான் நடக்கும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அம்மாவுக்குச் சட்டப்படி உண்டு. 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2023 ஜனவரி 24-ல் நடைமுறையை எளிதாக்கியது. நினைவு தெளிவாக இருக்கும்போதே, இப்படிப்பட்ட சிகிச்சை வேண்டாம் என்று எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றொப்பமிட்டால் போதும். இது இல்லாமலும் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் ராத்திரி பதறி 108-ஐக் கூப்பிட்டால், அவர்கள் வேலை நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடிப்பது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது. அதனால் யாரைக் கூப்பிடுவது என்பதைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஆதரவு சிகிச்சை செவிலியரின் நம்பர் முதலில்.

தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் ஐ.சி.யு. மேல் பிடிவாதம் அதிகம் வரும். பக்கத்திலிருந்து எதுவும் செய்ய முடியாத தவிப்பு அது. போனில் வாதாடிப் பயனில்லை. அம்மா பேசிக்கொண்டிருக்கும் இப்போதே லீவு போட்டு வரச்சொல்லுங்கள், நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் வந்துவிடலாம். வந்ததும் மாத்திரை நோட்டை அவர் கையில் கொடுங்கள். புரட்டுவதற்குப் போர்வையின் மறுமுனையை அவர் பிடிக்கட்டும். ராத்திரி பத்து முதல் நாலு வரை அவர் முறை, நீங்கள் தூங்குங்கள்.